பொட்டு வைத்த கல்

எஞ்சினியர் சிவேந்திரனுக்குக் கல்லைத் தட்டிப் பார்ப்பதுதான் உத்தியோகம். மலேசியாவில், கிள்ளானுக்கு மேற்கே மீன்பிடித் துறைமுகத்தில் அலைதடுப்புச் சுவர் எழும்புகிறது. அதற்கான ஒவ்வொரு பாறையையும் குவாரியில் சுத்தியலால் தட்டுவார். கணீரென்றால் சிவப்புப் பெயின்டில் ஒரு பொட்டு. மொத்தென்றால் உள்ளே விரிசல், தள்ளுபடி. மேலதிகாரியே கெஞ்சினாலும் பொட்டு கிடைக்காது. அப்படியொரு முசுடு.

சுவரின் முனைக்கு மட்டும் யானை அளவில் ஒரு கல் தேவைப்பட்டது. வாரக்கணக்கில் தேடிப் பிடித்தார். அதை ஏற்றி வந்தது என் லோரிதான். கிள்ளானில் அச்சு முறிந்துவிட்டது. கல்லைச் சாலையோர மரத்தடியில் இறக்கிவிட்டு வண்டியைப் பட்டறைக்கு இழுத்துப் போனோம்.

மறுநாள் சிவேந்திரனோடு போனால், கல்லுக்கு மஞ்சள் துணி, எலுமிச்சை மாலை, வாயில் சுருட்டு. வாயில்லாத கல்லில் வாயை எப்படித்தான் கண்டுபிடித்தார்களோ!

“அக்கா, அது நான் வச்ச பெயின்ட்டு!” என்று கத்தினார் சிவேந்திரன்.

“சாமிதான் உங்க கையால வச்சுக்கிட்டாரு லா,” என்றார் பூக்கடை இராஜம்மா.

சிவேந்திரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிதவைக் கிரேன் மறுநாள் வேறு துறைமுகத்துக்குப் போய்விடும். முனை திறந்து கிடந்தால் அடுத்த புயல்காற்றில் உள்ளே கட்டிய படகுகள் சிதறும். வேறு வழியில்லாமல் பூப்போட்டுக் கேட்கச் சம்மதித்தார். வெள்ளைப் பூ வந்தால் சாமி கடலுக்குப் போகும், சிவப்பு வந்தால் மரத்தடியிலேயே இருக்கும். பூ மடித்த இரண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுத்தது நான். எஞ்சினியர் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

வெள்ளை.

உறுமி மேளத்தோடு கல் துறைமுகத்துக்கு வந்தது. கிரேனில் அது தொங்கும்போது இராஜம்மா கூவினார்: “முகம் மேல இருக்கணும் பாஸ்!”

பொட்டுப் பக்கம் கீழே போனால்தான் அது மற்றக் கற்களோடு பூட்டிக்கொள்ளும். ஒரு பொய் சொல்லித் தப்பியிருக்கலாம். அந்த மனிதருக்கு அது வராது.

“மேல வச்சா அலை பொரட்டிடும் அக்கா. கவுத்து வச்சா அசையாது. ஆனா முகம் தெரியாது.”

இராஜம்மா அழுதேவிட்டார். “கவுத்தே வைங்க. ஆனா பாவம், இருட்டுல தனியா கெடப்பாரே.”

“தனியா இல்லக்கா. இந்தச் சுவர்ல இருக்கிற எல்லாக் கல்லுக்கும் நான் பொட்டு வச்சிருக்கேன்.”

ஆறுதலுக்குச் சொன்னதுதான். சுவர்மேல் நின்ற மொத்தக் கூட்டமும் குனிந்து தன் காலடியைப் பார்த்தது. அடுத்த நொடி எல்லோர் செருப்பும் கையில். பிறகு எல்லோரும் சிவேந்திரனின் பூட்ஸைப் பார்த்தார்கள்.

கழற்றினார். வெயில் ஏறிய கருங்கல்லில் கரைவரை துள்ளித் துள்ளி நடந்தார். கண்ணில் நீர் வழிந்தது. கால் சுட்டதால்தான் என்று இன்றுவரை சாதிக்கிறார்.