ஞானகுமாரி திருப்பி எடுத்த படம்

திருநின்றவூரிலிருந்து தினமும் ரயிலேறி வரும் ஞானகுமாரி, அம்பத்தூரில் எங்கள் ஸ்கேன் சென்டரில் டெக்னீசியன். நான் அங்கே ரிப்போர்ட் டைப் அடிப்பவள். படம் கலங்கலாக வந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. மனதில் பட்டதை டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லியும் விடுவாள். அதற்கு அவள் வாங்கிய திட்டுக்குக் கணக்கே இல்லை.

1994-இல் வீராசாமி வந்தார். பூந்தமல்லி பஸ்ஸில் கண்டக்டர். தொண்டையில் புற்றுநோய், குரல் கம்மிப்போயிருந்தது. எங்கள் டாக்டர் ஒவ்வொரு படத்திலும் கட்டியின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து, மொத்த அளவைக் கூட்டிப் பார்ப்பார். சிறியதென்றால் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தே குணமாக நல்ல வாய்ப்பு, குரலும் தங்கும். பெரியதென்றால் குரல்வளையையே எடுத்துவிட வேண்டியதுதான். குரல் போன கண்டக்டருக்கு பஸ்ஸில் என்ன வேலை?

டாக்டர் பெரியது என்றார். நான் பாதி ரிப்போர்ட் அடித்திருப்பேன், ஞானகுமாரி வந்து தாளை உருவினாள்.

"நிறுத்துடி. ஓரமெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. தொண்டைய அசைச்சிருக்காரு."

வீராசாமி மனைவி வேம்புலியம்மாளோடு வெளியே பெஞ்சில் இருந்தார். நேரே அவரிடம் போனாள்.

"அண்ணே, மெஷின்ல படுத்துகினு எச்சி முழுங்கினீங்களா?"

"இல்லமா. மூச்சுகூட உடல."

"அப்ப இன்னாதான் பண்ணீங்க?"

அவர் மனைவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பயமா இருந்துச்சுமா. வாயத் தொறக்காம உள்ளயே 'கருமாரி தாயே, கருமாரி தாயே'ன்னு முனகிகினு இருந்தேன்."

உதடு அசையாமல் முனகினாலும் தொண்டை அசையும்; ஓரம் இரட்டையாகி, கட்டி இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். அவளைத் தவிர எங்களில் ஒருவருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லையே என்று எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

படத்தை மறுபடி எடுக்க வேண்டும் என்று அவள் சொன்னதும் டாக்டர் எரிந்து விழுந்தார். இன்னும் பத்துப் பேர் காத்திருந்தார்கள். "எல்லாரும் முடியட்டும் சார், நான் இருந்து எடுக்கறேன். ஒருத்தர் குரல் சார்," என்று நின்ற இடத்தை விட்டு அவள் நகரவில்லை.

"அண்ணே, இந்த வாட்டி நீங்க சாமியக் கூப்பிடக் கூடாது. அக்கா வெளிய நின்னு கூப்பிடட்டும்."

வேம்புலியம்மாள் கதவோரம் நின்று சத்தமாகவே ஆரம்பித்துவிட்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஞானகுமாரி சிலுவை போட்டுக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். உள்ளே வீராசாமி மரக்கட்டையாகக் கிடந்தார்.

ஓரங்கள் தெளிவாக விழுந்தன. டாக்டர் மறுபடி வரைந்தார், இரண்டு தடவை கூட்டினார். "சின்னதுதாம்மா. கரண்ட் போதும். நல்லவேளை, பிடிவாதம் பிடிச்சே." பழைய தாளைக் கிழித்துப்போட்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெந்த ரிப்போர்ட்டும் அடித்ததில்லை.

கரண்ட் வைத்து இரண்டு வருடமாகியும் கட்டி திரும்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் வானகரத்தில் பஸ் ஏறினோம். கண்டக்டர் வீராசாமி! ஞானகுமாரியைப் பார்த்துச் சிரித்தார், டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். திருவேற்காடு கோயிலுக்கு இறங்கும் இடம் வந்ததும் படியில் நின்று, பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"வேலப்பன்சாவடி! எறங்கு, எறங்கு! கருமாரி தாயே!"

"இன்னாபா, காதே போச்சு," என்றார் முன்சீட்டுக்காரர்.

ஞானகுமாரி அழுதுகொண்டே சிரித்தாள். "கூப்பிடுங்கண்ணே," என்றாள். "இனிமே எவ்ளோ வேணா கூப்பிடுங்க."