தலைவர் பதவிக்காலத்துக்காகக் கூடிய கூட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும், தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்களின் சங்கக் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். சிறப்பு விருந்தினராக! அதாவது, சால்வை போடுவார்கள். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

கூட்டம் எதற்கு? சங்க விதியில் ஒரே ஒரு திருத்தம். தலைவரின் பதவிக்காலத்தைக் குறைக்க வேண்டும். நோட்டீஸில் அவ்வளவுதான் இருந்தது. கை தூக்கினார்கள், நிறைவேறியது. டீ வந்தது. கிளம்பலாம் என்று எழுந்தேன்...

செயலாளர் மைக்கைப் பிடித்தார். "எல்லாரும் இங்கனதான இருக்கோம்... அப்படியே அந்த இன்னொரு விதியையும் எடுத்துருவோம்."

கடலில் இறந்தவரின் மனைவி, அவர் இடத்தில் சங்க உறுப்பினராகத் தொடரலாம் — அதுதான் அந்த இன்னொரு விதி. அந்தப் பெண்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. தலைவர் பதவிச் சண்டை நமக்கெதற்கு என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

அவர்களில் ஒருவர் மரிய செல்வி. கணவர் கடலுக்கு அடியில் சங்கு தேடிக்கொண்டிருந்தபோது, படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து அவருக்குக் காற்று போகிற ட்யூப் வெடித்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்று ஒன்றையே கேட்பார். பழைய ட்யூப்களை எப்போது தூக்கி எறிவீர்கள்? படகு வைத்திருப்பவர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. செயலாளருக்கும் படகு இருக்கிறது.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வேலைக்காகக் கூட்டிய கூட்டம் இன்னொரு வேலையைச் செய்யலாமா என்று கேட்டுவிட்டேன்.

"பொதுக்குழுவுக்கு மேல யாரு இருக்கா அண்ணாச்சி?" செயலாளர் சிரித்தபடிதான் சொன்னார். மறுபடி கை தூக்கினார்கள், அந்த விதி போனது.

ஒரு நாட்டின் அரசியல் சாசனத்துக்கே இந்தக் கேள்வி உண்டு — திருத்துவதற்காகக் கூடியவர்களின் அதிகாரம் எதுவரை? பெரிய பெரிய வக்கீல்கள் மோதிக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிந்தது சின்னக் கணக்கு. ஒழுகுகிற குழாயைச் சரிசெய்யக் கூப்பிட்ட ஆள், வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்துச் சுவரை இடித்தால் அதற்குப் பெயர் ரிப்பேரா?

மறுநாள் மரிய செல்வி வீட்டுக்குப் போனேன். விஷயம் தெரிந்திருந்தது. அழவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அவருடைய தம்பியும் இப்போது சங்கு குளிக்கத்தான் போகிறாராம்... அதே படகில்.

இந்தத் திருத்தம் செல்லாது, அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள் என்றேன்.

"எந்திச்சிக் கேக்கதுக்கு மெம்பரா இருக்கணும்லா அண்ணாச்சி?"

கோர்ட்டுக்குப் போகலாம்தான். ஜெயிக்கவும் செய்யலாம். ஆனால் தீர்ப்பு வரும்வரை படகு கரையில் நிற்குமா?

இதை நீங்கள் படிக்கிற நேரத்தில் அவர் தம்பி கடலுக்கு அடியில் இருப்பார்.