ஐந்து பேட்டரி

எங்கள் தோட்டத்தில் என்னைக் கிறுக்கன் என்று சொல்லாத ஆள் கிடையாது. தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீசியன் வேலை. வேலை விட்டு வந்தால் சின்தசைசர் என்கிற பழைய மின்சார இசைப்பெட்டிகள்தான் உலகம். எங்கள் லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், கட்டிலுக்கு இடம் இருந்ததோ இல்லையோ, அவற்றுக்கு இருந்தது. மொத்தம் ஆறு. எல்லாம் முப்பது நாற்பது வருஷத்துக்கு முந்தியவை, யாரோ எங்கோ வாசித்துச் சலித்துக் கழித்துக் கட்டியவை.

புதுசு எனக்குப் பிடிக்காது. புதுசில் பட்டனைத் தட்டினால் சத்தம் வந்துவிடும், அதில் என்ன இருக்கிறது? பழசில் ஒரு குமிழை மயிரிழை திருப்பினாலும் குரல் மாறும். அதிலும் எங்கள் ஊர்க் குளிருக்கு அவை சுருதியில் நிற்க அரை மணி நேரமாவது சூடேற வேண்டும். ஆடி மாசத்தில் மேலே கம்பளி போர்த்தி வைப்பேன்.

“எனக்கு இழுத்துப் போத்திவிட ஒரு நாதியில்ல, பொட்டிக்குக் கம்பளியாம்!” என்பாள் என் மனைவி.

அவளுக்கு எல்லாமே ‘பொட்டி’தான். பெரிய பொட்டி, கறுத்தப் பொட்டி, கத்துற பொட்டி. மலையில் பறித்த கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு நாலரைக்கு வந்து, கால் கழுவி, தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டுக் கூப்பிடுவாள். நான் எந்தப் பெட்டியையாவது கழற்றிப் போட்டுக் குனிந்திருப்பேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகமாட்டேன். இருபத்திரண்டு வருஷம் நான் குடித்தது ஆறின தேத்தண்ணிதான்.

ஏழாவது பெட்டி தலவாக்கலையிலிருந்து வந்தது. அங்கே மின்சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா, ஜப்பானிலிருந்து வந்த பழைய சாமான் குவியலுக்குள் கிடந்ததை எனக்காக எடுத்து வைத்திருந்தார். “சின்னப்புள்ளைங்க வெளயாட்டுச் சாமான் மாதிரி இருக்கு, இதயுமா கொண்டு போகப் போறீங்க?” என்று சிரித்தார். முழங்கை நீளம்தான் இருக்கும். ஆனால் அதற்குள் ஒரு சின்ன மைக் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்திவிட்டு எதிரே பேசினால், ஒன்றரை விநாடிக்குப் பதிவாகும். பிறகு எந்தக் கட்டையைத் தட்டினாலும் அந்தக் குரலே சுரமாக வரும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து அதைச் சோதித்துக்கொண்டிருந்தபோதுதான், வழக்கம்போல் பின்னால் வந்து நின்று அவள் கத்தினாள்.

“தேத்தண்ணி ஆறுது!”

பதிவாகிவிட்டது. நடுக்கட்டையைத் தட்டினேன், அவளே கூப்பிட்டாள். மேலே தட்டினேன், கீச்சுக் குரலில் ஒரு குழந்தை கூப்பிட்டது. கீழே தட்டினேன், சளி பிடித்த கிழவன் ஒருவன் “தேத்தண்ணி ஆறுது” என்றான். அவள் சிரித்துச் சிரித்து ஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். அன்றையிலிருந்து அந்தப் பெட்டி மட்டும் அவளுடையது. மலையிலிருந்து வந்ததும் அதில்தான் கிழவனைத் தட்டி என்னைக் கூப்பிடுவாள்.

அந்தப் பெட்டியின் குணம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அதன் பதிவு நிலையானது அல்ல. சுவிட்சை அணைத்தாலும் அடியில் உள்ள ஐந்து பேட்டரிகள்தான் அதைத் தாங்கிப் பிடித்திருக்கும். பேட்டரியை எடுத்தால் குரல் போய்விடும். பேட்டரி மாற்றும்போது கரண்ட் வயரைச் சொருகிக்கொண்டுதான் மாற்ற வேண்டும். இது எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும்.

போன வருஷம் ஆடியில் அவள் போய்விட்டாள். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு தேடிப் பார்த்தால், அவள் குரல் வேறு எங்கேயும் இல்லை. அவளுடையது பட்டன் போன். கல்யாண வீடியோவில் குனிந்த தலை நிமிரவில்லை, மேளச் சத்தம்தான் இருக்கிறது. யாராவது போனைத் தூக்கிப் படம் எடுத்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். ஆக, உலகத்தில் அவளிடமிருந்து மிச்சம் அந்த ஒன்றரை விநாடி.

கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் எங்கள் மகள் அப்போதே கேட்டாள். “அப்பா, அம்மா கொரல போன்ல எடுத்து அனுப்புங்கப்பா.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? மழை விடட்டும் என்றேன். தகரத்தில் கொட்டுகிற இரைச்சலும் சேர்ந்து பதிவாகும், அது சரிவராது என்றேன். மழை விட்டதும், போனில் எடுத்தால் குரல் தட்டையாகிவிடும், பெட்டியிலிருந்து நேராக எடுக்க நல்ல வயர் ஒன்று வரவேண்டும் என்றேன். வயர் வந்தது. அதில் ஒரு மெல்லிய ‘உம்’ சத்தம் இருந்தது. அதைச் சரிபண்ணிவிட்டு எடுக்கலாம் என்றேன். என் வாயில் மண்ணைப் போட! பிள்ளை கேட்டது அம்மாவை. நான் சுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஆடியில் முதல் வருஷத் திவசம். மகள் முதல் நாளே ரயிலில் வந்துவிட்டாள். பையைக் கீழே வைக்கும் முன்பே சொன்னாள்:

“நாளைக்குப் படையல் முடிஞ்சதும் போட்டுக் காட்டுங்க. மழ பேஞ்சாலும் பரவால்ல, நான் போன்ல எடுத்துக்கிறேன். வேற கத சொல்லக் கூடாது.”

“சரி புள்ள” என்றேன்.

காலையில் என் மனைவியின் அக்கா வந்து படையலுக்கு அடுக்கினார்கள். கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு, முறுக்கு, வெற்றிலை, புதுச்சேலை. “அவளுக்குப் புடிச்சது ஒன்னும் விட்டுப் போகக் கூடாது. வேற என்னா இருக்கு?” என்று கேட்டார்கள். நான்தான் அந்தப் பெட்டியையும் வைக்கலாம் என்றேன். வைப்பதற்கு முன் துடைக்க எடுத்துக்கொண்டு போனேன்.

எங்கள் பக்கத்தில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். பேட்டரி கசிந்து, பச்சைப் பூப் பூத்து, எத்தனையோ நல்ல பெட்டிகளைத் தின்றிருக்கிறது. அதனால் பெட்டியைத் துடைக்க எடுத்தால் முதலில் பேட்டரி, பிறகுதான் துணி. இருபது வருஷப் பழக்கம். பெட்டியைக் கவிழ்த்து மடியில் வைத்தேன். மூடியைத் தள்ளினேன். அக்கா அடுப்படியிலிருந்து வாழையிலை எங்கே என்று கேட்டார்கள், கதவுக்குப் பின்னால் என்றேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எடுத்து வரிசையாக ஜன்னலில் வைத்தேன். ஐந்தாவது என் விரலுக்கு நடுவில் இருந்தபோதுதான் நான் எந்தப் பெட்டியை வைத்திருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது.

அவசர அவசரமாக ஐந்தையும் திரும்பப் போட்டேன், என்னவோ ஓடிப்போய்ப் பிடித்துவிடலாம் என்கிற மாதிரி. நடுக்கட்டையைத் தட்டினேன். மேலே தட்டினேன். கீழே தட்டினேன். கட்டைகள் டக் டக்கென்று அடித்துக்கொண்டனவே தவிர, ஒன்றும் பேசவில்லை.

கோழை நான். யாரிடமும் சொல்லாமல் கொண்டுபோய்ப் புதுச்சேலைக்குப் பக்கத்தில் வைத்தேன். சூடம் காட்டினோம். விழுந்து கும்பிட்டோம். எழுந்ததும் மகள் போனை எடுத்துக்கொண்டு பெட்டி முன்னால் உட்கார்ந்தாள். கூரையில் மழை கொஞ்சமாகத்தான் இருந்தது. நடுக்கட்டையைத் தட்டினாள். சுவிட்சைப் பார்த்தாள். மறுபடியும் தட்டினாள்.

“பேட்டரிய எடுத்துட்டேன் புள்ள” என்றேன். “தொடைக்கையில. கை பாட்டுக்கு எடுத்திருச்சி.”

திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. அவள் சின்னப் பிள்ளையில் மிட்டாய் கேட்ட அதே மாதிரி கேட்டாள்:

“வேற எங்கயாச்சும் இருக்காப்பா?”

“இல்ல புள்ள.”

போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள். அக்காதான் சத்தம் போட்டு அழுதார்கள்.

சாயந்திரம் எல்லோரும் போன பிறகு, நான் அந்தப் பெட்டியைத் திறந்து போட்டு உட்கார்ந்திருந்தேன். செய்வதற்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தும் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மகள் தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். எவ்வளவு நேரம் ஆனதோ, மறுபடியும் வந்து பின்னால் நின்றாள்.

“அப்பா, தேத்தண்ணி ஆறு…”

பாதியில் நிறுத்திவிட்டாள். அவளுக்கு அம்மாவின் குரல் கிடையாது, என் கட்டைக் குரல்தான். இரண்டு பேரும் பெட்டியைப் பார்த்தோம். பிறகு அவள் என் தோளில் முகத்தை வைத்து, அன்றைக்கு முதல் தடவையாக அழுதாள்.

கோப்பையை எடுத்துக் குடித்தேன். ஆறிப்போய்த்தான் இருந்தது.