பஸ் நின்ற இடத்தில் வாங்கிய பூ

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு வைகாசி மாதக் காலை. திருப்பூர் நல்லூரில் எங்கள் லைன் வீட்டில் ஒரு பெண் குடியிருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி, பனியன் கம்பெனியில் டெய்லர். கோயில் கொடைத் திருவிழாவுக்காக முன்னாலேயே ஊருக்குப் போயிருந்த அவள் கணவர், நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார். அவளுடைய கொழுந்தனார் எனக்குத்தான் போன் செய்தார். "மதினிகிட்ட சீரியஸ்னு மட்டும் சொல்லிக் கூட்டிட்டு வந்துருங்கம்மா. தெரிஞ்சா இம்புட்டுத் தூரம் தாங்க மாட்டாக" என்றார்.

நான் எதற்கெடுத்தாலும் படபடக்கிறவள். பால்காரர் கொஞ்சம் தாமதமாக வந்தாலே தெரு அதிரும். அப்படிப்பட்ட நான், கம்பெனி வாசலில் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "கொஞ்சம் சீரியஸுன்னு சொல்றாங்க கண்ணு. நானும் கூட வர்றேன், கெளம்பு" என்றேன். அவள் எதுவும் கேட்கவில்லை. ஊரிலிருந்து யாராவது பேசிவிடுவார்களோ என்று பயந்து, என் போனில் சார்ஜ் இல்லை என்று சொல்லி அவள் போனை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். அதையும் பேசாமல் கொடுத்தாள். வெள்ளந்தி, நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

தாராபுரம் போவதற்குள் பஸ் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்றில்லை. வேறு பஸ் வரட்டும் என்றார் கண்டக்டர். ஆளாளுக்கு அவரைப் பிடித்துக் கத்தினார்கள். நாங்கள் போவதற்குள் எடுத்துவிட்டால், புருஷன் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கக்கூட இவளுக்குக் கொடுத்துவைக்காதே! ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு, அவளோடு புளியமரத்தடியில் உட்கார்ந்து வெயிலைப் பற்றிப் பேசினேன்.

அவளோ எழுந்து போய், ரோட்டோரம் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் ஒரு முழம் மல்லிகை வாங்கினாள். போதாதென்று இன்னொரு முழம். தலை நிறைய வைத்துக்கொண்டு வந்தாள்.

"அந்தப் புள்ளைக்கு ஒரு அவசரமும் இல்லீங்க. பூ வாங்குது பாருங்க" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர். எனக்கும் சுருக்கென்றது. புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று கூட்டிவந்தால், இவளுக்குப் பூ கேட்கிறதா?

மாற்று பஸ் வந்து, மதுரையில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு அலைந்து, அதில் உட்கார இடமில்லாமல் ராஜபாளையம் வரை நின்றோம். அதைத் தாண்டி ஏதோ லாரி கவிழ்ந்து வண்டிகள் வரிசையாக நின்றபோது என் வீம்பெல்லாம் போய்விட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

அவள் என் முதுகைத் தடவினாள்.

"அழாதீங்கக்கா. நீங்க கம்பெனிக்கு வாரதுக்குக் கொஞ்சம் முன்னாலயே எனக்குத் தெரியும். அவுக அக்கா மவன் ஸ்டேட்டஸ்ல அவுக படத்தப் போட்டு, கண்ணீர் அஞ்சலின்னு வச்சிருந்தான். நீங்க எனக்காகப் படுத பாட்டப் பாத்துட்டு, தெரிஞ்சதாக் காட்டிக்கிடல."

நான் அவள் தலையைப் பார்த்தேன். வெயிலில் பூ பழுத்துப் போயிருந்தது.

"நான் பூ வச்சா அவுகளுக்கு ரொம்பப் பிடிக்கும்க்கா. இனிமே வைக்க விடமாட்டாவல்ல. அதான்" என்றாள்.

ஊரில் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். அந்தப் பூவோடுதான் அவர் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். அதன் பிறகுதான் வாய்விட்டு அழுதாள்.

எனக்குப் படபடப்பு இன்னும் போகவில்லை. பஸ் நின்றால் இப்போதும் கண்டக்டரிடம் முதல் ஆளாகச் சண்டைக்குப் போகிறவள் நான்தான். ஆனால் அந்தக் கூச்சலுக்கு நடுவே ஒருவர் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தால், அவருக்கு அவசரமில்லை என்று மட்டும் இப்போதெல்லாம் நினைப்பதில்லை.