வசவின் நீளம்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிப்ட் மெக்கானிக்குக்கு ‘ரேடியோ’ என்று பெயர். பேச ஆரம்பித்தால் நிறுத்த வழி கிடையாது. வீட்டில் எப்படி என்று அவர் மனைவியிடம் கேட்டால், “உள்ள வந்தா ஸ்டேஷனே கிடைக்காதுங்க” என்பார்.

வெட்டிப் பேச்சு என்றுதான் நானும் நினைத்திருந்தேன், கரண்ட் போய் ஒரு மாமியாரும் மருமகளும் லிப்டுக்குள் இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்ட அந்த மத்தியானம் வரை.

மொட்டை மாடியில் லிப்ட் மோட்டார் அறை. ரேடியோ சக்கரத்தைக் கையால் சுற்றி லிப்டை இறக்க வேண்டும். சக்கரம் சுழல, அதுவரை ஒருவர் பிரேக்கின் பிடியை இழுத்துத் தளர்த்திப் பிடிக்க வேண்டும்; விட்டால் லிப்ட் நின்றுவிடும். சும்மா நிற்பவன் என்ற ஒரே தகுதியில் அந்த உத்தியோகம் எனக்கு வந்தது.

சுவரிலிருந்த இன்டர்காமில் மருமகள் அலறினாள்: “அண்ணே, அத்தை இருட்டுல பயந்துட்டாங்க. மூச்சே வரமாட்டேங்குது!”

ரேடியோ நிதானமாகக் கேட்டார்: “அம்மா, மருமக சமையல் எப்படி?”

அவரை ஓர் அறை விடலாமா என்றிருந்தது. கையில் பிரேக்.

மாமியார் மூச்சை இழுப்பது கேட்டது. “உப்பு... இல்ல...”

“டாக்டர்தானே அத்தை குறைக்கச் சொன்னாரு!”

“குறைக்கச் சொன்னா... அடியோட... நிறுத்திடுவியா?”

“வசவு நீளுது பாருங்க,” என்று ரேடியோ என் காதருகே சொன்னார். “மூச்சு வருதுன்னு அர்த்தம்.”

குறும்பெல்லாம் குரலில்தான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

“மகனுக்கு நீங்களா பொண்ணு பாத்தீங்க?”

“நான் பாத்தா இப்படியா... பாப்பேன்? அவனா...”

சத்தம் நின்றது.

“என்னம்மா, திட்ட வார்த்தை தீந்துடுச்சா?”

சக்கரமும் நின்றது. ரேடியோவுக்குப் பேச்சு வராமல் போனதை அன்றுதான் பார்த்தேன்.

மருமகள்தான் பேசினாள், அழுகையோடு: “அத்தைக்கா அண்ணே தீரும்? தூக்கத்துலகூட என்னைத் திட்டுவாங்க. நடுவுல குறட்டைதான் இடைவேளை.”

கரகரவென்று ஏதோ கேட்டது. மாமியார் சிரிக்கிறார் என்று புரியச் சற்று நேரமாயிற்று.

“யாருடி... குறட்டை விடறது?”

சக்கரம் சுழன்றது. லிப்ட் கீழ் மாடிக்கு நேராக வந்ததும் பிரேக்கை விடச் சொன்னார். கீழே காவலாளி சாவி போட்டுக் கதவைத் திறந்தார். மாமியாரின் குரல் இன்டர்காமை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது:

“யாரு அந்த ஆளு, வீட்டு விஷயத்தையெல்லாம் நோண்டி நோண்டிக் கேக்குறான், அவனைக் கட்டிக்கிட்டவ எப்படித்தான் குடும்பம் நடத்துறாளோ, நீயும் அவனோட சேந்துக்கிட்டு வாயாடுற, கையை விடாதடி, கால் நடுங்குது!”

கடைசிச் சொல்வரை ரேடியோ காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

“ஒரே மூச்சுல சொல்லிட்டாங்க” என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்தார்.