கம்பளிக்குள் காபி ஃபில்டர்

என் கணவர் அந்தப் பனிமலையில் காபியை உண்மையாகவே குடித்தாரா, இல்லை, நான் வருத்தப்படக் கூடாது என்று குடித்ததாக எழுதினாரா? அவர் திரும்பி வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். என் கணவர் கனரக வண்டிகளின் என்ஜின் வேலை பார்ப்பவர். அந்த வண்டிகள் லடாக் குளிரில் மக்கர் செய்தால் இங்கிருந்து ஆள் அனுப்புவார்கள். அந்த வருடம் மாசியில் இவர் முறை வந்தது. ஐந்து மாதம். மகளுக்கு அப்போது இரண்டு வயது முடியவில்லை.

பெட்டி கட்டும்போது மூடி மூடவில்லை. ஒரு ஸ்வெட்டரை எடுத்துவிட்டு, காபி ஃபில்டரையும் இரண்டு கிலோ பொடியையும் வைத்தேன். ரயில் புறப்பட்ட பிறகுதான், ஸ்வெட்டரை எடுத்தது சரிதானா என்று கவலை பிடித்துக்கொண்டது.

முதல் கடிதம் வந்தது. "இங்கே எல்லாரும் டீதான். நம் ஃபில்டரில் டிகாக்‌ஷன் வெறும் தண்ணீராக இறங்குகிறது. பழுப்பு நிறத்தில் பால் குடித்துக்கொண்டிருக்கிறேன். நானும் டீக்கு மாறிவிடலாமா என்று யோசிக்கிறேன்."

கடைசி வரியை மட்டும் இரண்டு முறை படித்தேன். இவர் கும்பகோணத்துக்காரர். டீ குடிப்பவராகத் திரும்பி வந்தால் மாமியார் லடாக்கையா கேட்பார்? என்னைத்தான் கேட்பார்.

நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவள். உயரமான இடத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் நூறு டிகிரியைத் தொடாமலேயே கொதித்துவிடும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஸ்வெட்டரை எடுத்துவிட்டு ஃபில்டரை வைத்தபோது அது ஏன் ஞாபகத்துக்கு வரவில்லை?

கீழ் வீட்டு அக்காவிடம் புலம்பினேன். அவர் கொரட்டூரிலேயே பிறந்து வளர்ந்தவர். எங்கள் படிக்கட்டை ஒட்டிய வீடுகளில் ஃப்ரிட்ஜ் இருந்த ஒரே வீடு அவருடையது.

"இன்னாமே சொல்ற? தண்ணி கொதிக்குது, ஆனா சூடு இல்லியா? ஆருக்கு காது குத்தற?"

"அங்க அழுத்தம் கம்மிக்கா. கொதிச்சாலும் காபிக்குச் சூடு பத்தாது."

"அப்போ குக்கர்ல கொதிக்க உடு."

"மூடியைத் திறந்ததும் சூடு இறங்கிடுமேக்கா."

"அப்போ ஃபில்டரையே தூக்கி குக்கர்ல போட்டு மூணு விசில் உடச் சொல்லு. இம்மாம் படிச்சிகீற, இதுகூடத் தெரில."

நான் ஆராய்ச்சியில் இறங்கினேன். மலைத் தண்ணீர் போலவே, கொதிப்பதற்கு முன்னால் இறக்கி, வீட்டில் இருந்த சின்ன ஃபில்டரில் ஊற்றிப் பார்ப்பது. சூட்டை அளக்க மகளுக்கு ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டரை எடுத்தேன். அது நாற்பத்திரண்டு டிகிரிக்கு மேல் காட்டாது என்பது நல்லவேளையாக நினைவுக்கு வந்தது. அன்றைய ஆவடி வெயிலுக்கே அது போதுமா என்பது சந்தேகம்.

பொடியைக் கூட்டினேன், அழுத்தினேன், இரண்டாம் முறை ஊற்றினேன். தினமும் இரண்டு டம்ளர் அரைகுறை டிகாக்‌ஷன் மிஞ்சியது. கொட்ட மனம் வரவில்லை. சித்திரை வெயிலில் அதைச் சூடாகக் குடிக்க யாராலும் முடியவில்லை. அக்காதான் ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவி, டிகாக்‌ஷன், காய்ச்சி ஆறிய பால், சர்க்கரை, ஐஸ் எல்லாம் போட்டு மூடி, பேய் பிடித்தவர் போலக் குலுக்கினார். நுரை பொங்கி வந்தது. முதல் வாய் குடித்ததும் உச்சந்தலைவரை ஜில்லென்று ஏறியது. கொஞ்சம் எலுமிச்சை ஊறுகாய் வாசனை வந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

அதன்பின் நான்கு மணி ஆனால் படிக்கட்டில் நானும் அக்காவும், ஆளுக்கொரு வியர்த்த டம்ளரோடு. குடிப்பதற்கு முன் டம்ளரைக் கழுத்தில் வைத்துக்கொள்வோம். மகளுக்கு வெறும் பாலில் இரண்டு சொட்டு மட்டும் விடுவேன். இரண்டு சொட்டு அதிகமோ என்று ஒரு சொட்டாக்கினேன். அவள் "ஐச்சு காப்பி" என்று அலறியதால் மறுபடி இரண்டாக்கினேன். அவர் அங்கே நல்ல காபிக்குத் தவிக்கும்போது நான் இங்கே ஐஸ் போட்டு ரசிக்கிறேனே என்ற குற்ற உணர்ச்சி எனக்கு உண்டு. டம்ளர் காலியான பிறகுதான் அது வரும்.

விடை தானாகவே கிடைத்தது. ஒரு நாள் ஃபில்டரில் பொடி போட்டு நிமிர்கிறேன், மகள் மூக்கில் பட்டாணியைத் திணித்துக்கொண்டு நிற்கிறாள். பதற்றத்தில் கையில் இருந்த குழாய்த் தண்ணீரை ஃபில்டரில் கொட்டி மூடிவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். பாதி வழியில் அவள் தும்மினாள். பட்டாணி என் தோளில் விழுந்தது. அன்று அடுப்படிப் பக்கமே போகவில்லை. மறுநாள் காலை ஃபில்டரைத் திறந்தால், கன்னங்கரேலென்று டிகாக்‌ஷன்! வாசனையும் இருந்தது. அடுப்பே வேண்டாம்!

உடனே எழுதினேன். "பொடி போட்டுச் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, ராத்திரி முழுக்க அப்படியே வையுங்கள்."

பதில் வந்தது. "நீ சொன்னபடியே வைத்தேன். காலையில் ஃபில்டர் கல்லாகிவிட்டது. மேல் பாதியும் கீழ் பாதியும் ஒட்டிக்கொண்டு வரவில்லை. என்னோடு இருப்பவர்கள் சுத்தியல் எடுத்து வந்தார்கள்."

எனக்குச் சாதாரணத் தண்ணீர் என்றால் மொட்டைமாடித் தொட்டியில் நாளெல்லாம் வெந்து குழாயில் வருகிற தண்ணீர். அங்கே சாதாரணத் தண்ணீர் என்றால் ராத்திரியில் பனிக்கட்டி. பௌதிகம் படித்தவளுக்கு இதுவும் தோன்றவில்லை.

மறுபடி எழுதினேன். "வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, ஃபில்டரைத் துணியால் இறுக்கிக் கட்டி, கம்பளிக்குள் அணைத்தபடி தூங்குங்கள். புரண்டு படுக்காதீர்கள்." இந்தக் கடிதத்தை வழியில் யாராவது அதிகாரி பிரித்துப் படித்தால் என்ன நினைப்பார் என்ற கவலை தபாலில் போட்ட பிறகுதான் வந்தது.

அக்கா கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் டம்ளர் கவிழ்ந்தது. "பொண்டாட்டிய இங்க உட்டுட்டு, அந்த மனுசன் ஃபில்டரைக் கட்டிக்கினு தூங்கணுமா? நல்லா கீது உன் குடும்பம்!"

மூன்று வாரம் கழித்து ஒரு இன்லேண்ட் கடிதம். முழுக்க என்ஜின் கதை. கடைசியில் இரண்டே வார்த்தை: "காபி பிரமாதம்."

அக்கா கைதட்டினார். எனக்குச் சந்தேகம் அப்போதுதான் ஆரம்பித்தது. கல்யாணமான நாளாக இந்த மனிதர் என் காபிக்கு "ம்" என்பதைத் தவிர ஒன்றும் சொன்னதில்லை. பிரமாதம் எங்கிருந்து வந்தது?

ஆடியில் திரும்பி வந்தார். பெட்டியில் ஃபில்டர் நசுங்கிக் கிடந்தது. பொடி முழுக்கத் தீர்ந்திருந்தது. சந்தோஷப்படலாம்; ஆனால் கூட இருந்தவர்களுக்குத் தானம் செய்தும் தீர்த்திருக்கலாம். நான்கு மணிக்கு ஆசையாக ஐஸ் காபி கொடுத்தேன். "குளிர்லேர்ந்து தப்பிச்சு வந்தவனுக்கு ஐஸா?" என்றார். பிறகு மெல்லக் கேட்டார்: "டீத்தூள் இருக்கா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். "சும்மா கேட்டேன்" என்று பேப்பரை விரித்துக்கொண்டார்.

போன வாரம் ஒரு சோதனை செய்தேன். அதே போல அடுப்பில்லாமல் டிகாக்‌ஷன் இறக்கி, பாலை மட்டும் சூடாக்கிக் கலந்து, ஒன்றும் சொல்லாமல் நீட்டினேன். அங்கே குடித்திருந்தால் ருசி தெரிந்திருக்க வேண்டும். குடித்தார். டம்ளரை வைத்தார்.

"ம்" என்றார்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் "ம்" சொல்லுகிறவர் இருப்பார். அதை எப்படிப் பிரித்து அறிகிறீர்கள்? நேராகவே கேட்டுவிடலாமா? கேட்டு, குடிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். அதுவரை டீத்தூளைப் பருப்பு டப்பாவுக்குப் பின்னால்தான் வைத்திருக்கிறேன். அது சரியா என்றும் சொல்லுங்கள்.