வளைவின் இடப்பக்கம்

இன்று நான் வேலை பார்க்கும் மரச்சாமான் கம்பெனியில் ஒரு வளைந்த மேசையைச் சோதிக்கையில், சூடேறிய பசையின் வாடை, இடிந்துபோன எங்கள் திருமானூர் வீட்டுப் பட்டறையை நினைவுக்குக் கொண்டுவந்தது. காகிதம் போல் மெல்லிய தேக்கு வெனீரை நனைத்து, வளைந்த அலமாரிக் கதவில் பசை தடவி ஒட்டி, ஈரத்துணி போட்டு இஸ்திரிப்பெட்டியால் அழுத்திவிட்டு, அப்பா டீ குடிக்கப் போவார். அவர் திரும்புவதற்குள் நானும் அம்மாவும் நகத்தால் தட்டித் தட்டி, உள்ளே பசை பிடிக்காத குமிழ்களைத் தேடுவோம். இடப்பக்கம் எனக்கு, வலப்பக்கம் அம்மாவுக்கு. கண்டுபிடித்தால் பிளேடால் கீறி, பசை விட்டு, மறுபடி அழுத்துவோம். அப்பா கண்டுபிடித்தால் முதலில் கை, அடுத்து மரச்சட்டம், அதன்பின் எது கிடைக்கிறதோ அது.

அன்று அவர் தட்டியபோது ஓரிடம் டொக்கென்றது.

"இந்தப் பக்கம் பாத்தது எந்த மகராசி?"

"நான்தாங்க," என்றாள் அம்மா, என் பக்கம் திரும்பாமலே.

இஸ்திரிப்பெட்டியை எடுத்து அவள் முன்கையில் வைத்து அழுத்தினார். ஈரத்துணியில் எழும் அதே சீறல் கேட்டது.

குமிழ் இருந்தது இடப்பக்கம். அந்த வாரம் பயத்தில் நகங்களையெல்லாம் கடித்துத் தீர்த்திருந்தேன். விரல் நுனியால் தட்டினால் குமிழ் ஒலிக்காது.